திருப்பி அனுப்பும் காரணம்

ஜனவரி 9

அடி தங்கச்சி,

"அன்புள்ள" என்று ஆரம்பிக்கக் கை வரவில்லை. வந்தால் பின்னால் சேர்த்துக்கொள்கிறேன்.

நான் போனைத் தூக்கிப் போட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. ஏன் என்று உனக்கே தெரியும். அப்பா போன அன்று "அப்பா போயிட்டாருடி" என்று நான் அலறியதை ஸ்பீக்கரில் போட்டு, நீ அழுவதையும் சேர்த்துப் படம் பிடித்து ஊருக்கே காட்டினாய். என் ஒப்பாரிக்கு நடுவில் ஷாம்பு விளம்பரம் வந்தது. கூட வேலை செய்கிறவள் அதை என்னிடமே காட்டி, "உங்க குரல் மாதிரியே இருக்குல்ல?" என்று கேட்டாள். அன்றோடு சரி. கடிதத்தையாவது படம் பிடிக்க மாட்டாய் என்று நம்பி எழுதுகிறேன். பிடித்தாலும் என் கோழிக் கிறுக்கல் யாருக்கும் விளங்காது.

இன்று என் மேஜைக்கு ஒரு மஞ்சள் கவுன் வந்தது. நான் செய்யும் வேலைதான் உனக்குத் தெரியுமே. ஊர் உலகம் ஆசைப்பட்டு வாங்கி, அப்புறம் வேண்டாம் என்று திருப்பி அனுப்புவதெல்லாம் எங்கள் கிடங்குக்கு வருகிறது. பெட்டியைப் பிரிக்க வேண்டும். உள்ளே உள்ள சீட்டில் "திருப்பி அனுப்பும் காரணம்" என்ற கோட்டில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பொருளைத் தொட்டுப் பார்த்து மூன்று தொட்டிகளில் ஒன்றில் போட வேண்டும். பச்சை என்றால் மறுபடியும் புதுசு. மஞ்சள் என்றால் பாதி விலை. சிவப்பு என்றால் நேரே அரைக்கிற இயந்திரம். பதினோரு வருஷமாக இதே பிழைப்பு.

அந்தக் கவுனில் தொங்கிய அட்டையில் உன் மகள், நம் உருண்டையின் படம். காரணம் என்ற கோட்டில் ஒரு மகராசி எழுதியிருந்தாள்: "படத்தில் இருக்கும் குழந்தை மாதிரி என் மகள் இல்லை." பெற்றவள் எழுதியிருக்கிறாள்! பிள்ளையைத் திருப்பி அனுப்ப வழியில்லாமல் கவுனை அனுப்பியிருக்கிறாள்.

சிரித்துவிட்டு அட்டையை மறுபடி பார்த்தேன். அப்போதுதான் அளவு கண்ணில் பட்டது. துணி விஷயத்தில் என் கண் பொய் சொல்லாது, எந்த உடம்புக்கு எந்த அளவு என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுவேன். அந்தக் கவுன் ஐந்து முதல் ஆறு வயது அளவு. போன நவம்பரில் அவளுக்கு எட்டு முடிந்தது. எட்டு வயதுப் பிள்ளைக்கு அது தோளில் பிடிக்க வேண்டும், கையிடுக்கில் இழுக்க வேண்டும். இவளுக்குத் தோளில் இடம் மிச்சம் இருக்கிறது.

மேற்பார்வையாளரிடம் கெஞ்சி அவர் போனில் நீ போடும் வீடியோ நாலைந்து பார்த்தேன். துள்ளுகிறாள், சிரிக்கிறாள், பெட்டி பிரிக்கிறாள். எல்லாம் சரி. கை ஏன் அப்படிக் குச்சியாக இருக்கிறது? அவள் சாப்பிடுகிறாளா இல்லையா? அதை மட்டும் எழுது, வேறு எதுவும் வேண்டாம்.

அத்தான் அப்படியேதான் இருக்கிறார். அலமாரி விழுந்து முதுகு போனது போனதுதான். திருப்பிப் படுக்க வைக்கக்கூட நான்தான் வேண்டும். இல்லையென்றால் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டேன், நேரில் வந்து நின்றிருப்பேன்.

அக்கா

ஜனவரி 17

வணக்கம் அக்கா! எல்லாரும் நலமா?

பார், "எல்லாரும்" என்று எழுதிவிட்டேன். நீ ஒருத்திதானே படிக்கப்போகிறாய். பழக்கம் விடமாட்டேன் என்கிறது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க எனக்கு எரிச்சல். ஒன்றரை வருஷம் கழித்து எழுதுகிறாய், நான் எப்படி இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை இல்லை. பிள்ளைக்குச் சோறு போடுகிறேனா என்று கணக்குக் கேட்கிறாய். நான் என்ன அரக்கியா?

சாப்பிடுகிறாள். தட்டு எப்போதும் காலியாகத்தான் இருக்கிறது. இந்த வயதில் சில பிள்ளைகளுக்கு உடம்பு ஒட்டாது. அவள் படத்தைப் போட்டுத் துணி விற்கிற கம்பெனிக்காரர்கள் அவளை ராணி மாதிரி வைத்திருக்கிறார்கள். முன்பல் இரண்டும் விழுந்தபோது அவர்களே டாக்டரை அனுப்பி, கழற்றி மாட்டுகிற மாதிரி பல் செய்து கொடுத்தார்கள். யாருக்கு இப்படிக் கிடைக்கும்?

வயது விஷயம் கேட்டாய். ஒப்பந்தம் போட்ட மாதம் அவளுக்கு ஆறு. இந்தத் துணி ஆறு வயது வரைக்கும்தான் தைக்கிறார்கள். அடுத்த வருஷம் ஏழு என்று சொன்னால் வேறு பிள்ளையைத் தேட வேண்டும், வேண்டாமே என்றார்கள். சரி, ஆறாகவே இருக்கட்டும் என்று விட்டேன். ஒன்றிரண்டு வருஷம் முன்னே பின்னே இருந்தால் யார் குடி முழுகிப்போகும்? பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை, வீட்டுக்கே டீச்சர் வருகிறார். இந்த வீடும் கம்பெனி கொடுத்தது. சோபா, விளக்கு, திரை, நான் கட்டியிருக்கும் புடவை வரை அவர்களுடையது.

உனக்கு இது புரியாது அக்கா. ஜவுளிக்கடையில் ஒன்பது மணி நேரம் நின்ற கால் என்னுடையது. உட்கார ஸ்டூல் கிடையாது. வீட்டுக்குக் கிளம்பும்போது முதலாளியம்மா என் பையைக் கவிழ்த்துப் பார்ப்பாள். பாப்பாவின் அப்பன் எங்களை விட்டுவிட்டுப் போன மாதம்கூடப் பார்த்தாள். போன மாதம் அதே கடைக்கு நானும் பாப்பாவும் போனோம். அதே அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு, "மொட்டு அம்மா, உக்காருங்க" என்றாள். நான் உட்கார்ந்தேன். உட்கார்ந்து அழுதேன். பாப்பாவுக்குக் கம்பெனி வைத்த பெயர் மொட்டு, அதனால் இப்போது எனக்கு அதுதான் பெயர், மொட்டு அம்மா. என் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. எனக்கு அது வேண்டியதும் இல்லை. அந்தப் பெயருக்கு யார் நாற்காலி போட்டார்கள்?

ஒன்று சொல்ல வேண்டும். இனிமேல் "உருண்டை" என்று எழுதாதே. உன் கடிதத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "நான் உருண்டையாம்மா?" என்று இடுப்பைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்தாள். அன்றைக்கு முழுக்க முகமே சரியில்லை.

மற்றபடி சௌக்கியம். பெட்டி அடுக்கும் அறையில் மட்டும் ஒரு நாற்றம். எலி செத்துக் கிடக்கிறதோ என்னவோ. மூன்று விதமான வாசனை மெழுகுவர்த்தி வாங்கி வைத்தேன், அடங்கவில்லை.

தங்கை

பிப்ரவரி 2

தங்கச்சி,

அது எலி இல்லை.

நேற்று உன் விலாசத்திலிருந்து ஒரு பெட்டி வந்தது. பொம்மை வீடு வந்த பெட்டி, வெளியே உன் பெயர், உன் தெரு. இந்தப் பக்கத்துக்கு இருப்பது ஒரே கிடங்கு, நீ திருப்பி அனுப்புவது எப்போதாவது என் கைக்கு வரும் என்று எனக்குத் தெரியும். மேஜையில் வைத்தவுடனே பக்கத்து மேஜைக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டாள். மேற்பார்வையாளர், "பிரிக்காதீங்க, அப்படியே சிவப்புல போடுங்க" என்றார். நான் பிரித்தேன்.

உள்ளே பொம்மை வீடு இல்லை. ரொட்டி இருந்தது. அவித்த முட்டை நாலு. கறுத்துப்போன வாழைப்பழம். தண்ணீர் பாட்டிலில் திரிந்த பால். ஒவ்வொன்றையும் மெல்லிய காகிதத்தில் சுற்றி, நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டி, மூலைக்கு மூலை பொருத்தி அடுக்கியிருந்தது. பதினோரு வருஷத்தில் இவ்வளவு அழகாகத் திரும்பி வந்த பெட்டி ஒன்றுகூட நான் பார்த்ததில்லை.

சீட்டும் இருந்தது. பென்சிலில் எழுதியிருந்தாள். எழுத்தை மாற்றாமல் அப்படியே எழுதுகிறேன்.

"திருப்பி அனுப்பும் காரணம்: சாப்டா வளந்துடுவேன். வளந்தா வேற பாப்பா வந்துடும்."

அவள் ஒளித்து வைக்கவில்லையடி. வேண்டாததை என்ன செய்ய வேண்டும் என்று உன் வீட்டில் அவள் பார்த்து வளர்ந்தாளோ அதைச் செய்திருக்கிறாள். காரணம் எழுதி முறையாகத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். நீ காலித் தட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தாய்.

உன் கால் வலியெல்லாம் எனக்குத் தெரியும். நான் எண்ணெய் தேய்த்துவிட்ட கால்தான் அது. அந்த முதலாளியம்மா நாசமாய்ப் போகட்டும். ஆனால் நீ உட்கார்ந்த நாற்காலியை யார் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று பார். அந்தக் குச்சிக் கை எத்தனை நாள் தாங்கும்?

அந்த அறையில் மிச்சமிருக்கிற பெட்டிகளைப் பிரித்துப் பார். கேமரா இல்லாமல் பார்.

அந்தச் செல்லப் பேரை இனி எழுத மாட்டேன். நான் வைத்த பேர் அவள் இடுப்பைக் கிள்ள வைக்கும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

அக்கா

பிப்ரவரி 10

அக்கா,

பிரித்தேன். ஆறு பெட்டி. ஏழாவதைப் பிரிக்க முடியவில்லை, வாசலில் போய் வாந்தி எடுத்தேன். எல்லாவற்றிலும் அந்த நட்சத்திர ஸ்டிக்கர். நான்தான் வாங்கிக்கொடுத்தேன், நூறு ஸ்டிக்கர் உள்ள அட்டை.

அவளைக் கேட்டேன். கோபப்படாமல்தான் கேட்டேன். "நான் சமத்தாத்தானே இருக்கேன்?" என்றாள்.

எப்படி ஆரம்பித்தது என்று இப்போது நினைத்துப் பார்த்தால் தெரிகிறது. தீபோல் சுடுகிறது. கிட்டத்தட்ட இரண்டு வருஷம் முன்னால் கம்பெனியிலிருந்து அளவெடுக்கும் அம்மா வந்தாள். நாடாவை வைத்து அளந்துவிட்டு, "இன்னும் ரெண்டு சென்டிமீட்டர்தான் இருக்கு. அதுக்கப்புறம் நம்ம அஞ்சு வயசுப் பாப்பா ஒண்ணு ரெடியா இருக்கு" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன். பாப்பா எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கையை விரித்து நின்றுகொண்டிருந்தாள், நாடா அவள் மார்பைச் சுற்றி இருந்தது. அவளுக்குக் காது இருக்கிறது என்று எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. நான் மறைக்கவில்லை அக்கா. அன்று பாப்பாவைவிட எனக்குத்தான் பயம் அதிகம். மறுபடி அந்தக் கடையில் போய் நிற்கிற கனவு எனக்கு வருகிறது.

முந்தாநாள் படப்பிடிப்பில் மயங்கி விழுந்தாள். கைகால் சில்லிட்டுப்போனது. தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். நல்ல மனிதர். பொறுமையாக எடை பார்த்தார், உயரம் அளந்தார், புத்தகத்தில் ஏதோ கோடு போட்டுப் பார்த்தார். "ஆறு வயசுக் குழந்தைக்கு உயரம் சரியா இருக்கு. எடை கொஞ்சம் கம்மி. பயப்பட ஒண்ணுமில்லம்மா, சத்து மருந்து கொடுங்க" என்றார். அப்போதுதான் எனக்கு உயிரே வந்தது. நாமாக எதையோ நினைத்துப் பெரிதாக்கிக்கொண்டோம் போலிருக்கிறது. டாக்டரே சொன்ன பிறகு என்ன?

இந்த மாதக் கடைசியில் புதுத் துணி வருகிறது. அதை மட்டும் முடித்துக் கொடுத்துவிடுகிறேன். அப்புறம் நிறுத்துகிறேன். சத்தியமாக நிறுத்துகிறேன்.

தங்கை

பிப்ரவரி 16

(ஒரு மர சீப்போடு வந்த பரிசுச் சீட்டு. எண்பது எழுத்துக்கு மேல் போகக்கூடாது.)

உன் பெண்ணுக்கு ஆறு இல்லை எட்டு. டாக்டரிடம் இப்பவே ஓடு. எட்டு என்று சொல். அக்கா

பிப்ரவரி 16

பாவி மகளே,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். "ஆறு வயசுக் குழந்தைக்கு" என்ற இடத்தை மறுபடி மறுபடி படித்தேன். டாக்டர் வயது என்ன என்று கேட்டிருப்பார். நீ ஆறு என்று சொல்லியிருக்கிறாய். வாய் கூசாமல் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். வாய் பழகிப்போய்ச் சொல்லியிருக்கிறாய். எனக்கு எழுதும்போதுகூட நீ அதைக் கவனிக்கவில்லை. அவர் ஆறு வயதுக் கோட்டில் வைத்துப் பார்த்து, உயரம் சரி என்று அனுப்பிவிட்டார். எட்டு வயதுக் கோட்டில் வைத்தால் அந்தப் பிள்ளை எங்கே இருப்பாள் என்று யோசித்துப் பார். இரண்டு வருஷமாக அவள் வளரவில்லையடி! உடம்பு பட்டினியில் நின்றுபோயிருக்கிறது. அதைச் சரி என்று எழுதிக் கொடுத்த மனிதரைக் குறை சொல்லவும் முடியாது.

மேற்பார்வையாளர் காலில் விழாத குறையாக அவர் போனை வாங்கினேன். உன் எண்ணுக்கு அடித்தால் ஒரு பெண், "மொட்டு குழுவை அழைத்ததற்கு நன்றி" என்கிறாள். பிள்ளை உயிருக்கு ஆபத்து என்றேன். "உங்க கருத்தைப் பதிவு பண்ணிக்கிட்டோம்" என்று வைத்துவிட்டாள். குழந்தைகளுக்கான உதவி எண்ணுக்கு அடித்தேன். அவர்கள் அங்கேயே உன் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "ஆறு வயசுன்னு போட்டிருக்கே, நல்லா விளையாடிட்டுத்தானே இருக்கு" என்றார்கள். ஊரே அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, ஒருத்தர் கண்ணிலும் அவள் படவில்லை.

இந்தக் கடிதம் உன் கைக்கு வர ஆறு நாள் ஆகும். ஆனால் சீப்பு ஆர்டர் போட்டால் மறுநாளே வந்துவிடும். மனுஷன் எழுதியது ஆறு நாள், சீப்பு ஒரு நாள்! அதனால் ஒரு சீப்பு வாங்கி, பரிசுச் சீட்டில் எழுதியிருக்கிறேன். கடவுளே, உன் வீட்டில் குவிந்து கிடக்கும் பெட்டிகளில் அது அடியில் போய்விடக்கூடாது. யாராவது அதைப் பிரிக்க வேண்டும்.

அத்தானைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன். அவரே, "என்னை விடு, நீ போ" என்று அழுகிறார்.

அக்கா

பிப்ரவரி 17
ஆஸ்பத்திரி

அக்கா,

நீ அனுப்பிய சீப்பைத் திருப்பி அனுப்புகிறேன். அதன் பெட்டிக்குள் இந்தக் காகிதத்தை மடித்து வைக்கிறேன். வாசலில் சாமான் வண்டிக்காரர் நிற்கிறார், திரும்புகிற பெட்டி இரண்டே நாளில் கிடங்குக்குப் போய்விடும் என்றார். உன் கைக்கே வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். மேல் அட்டை முழுக்க அந்த நட்சத்திர ஸ்டிக்கரை ஒட்டியிருக்கிறேன், பார்த்தால் உனக்குத் தெரியும்.

சீப்பு காலையில் வந்தது. நேரலை ஓடிக்கொண்டிருந்தது. வந்த பெட்டிகளை வரிசையாகப் பிரிக்க வேண்டும், அதுதான் அவள் வேலை. நாலாவது பெட்டி உன்னுடையது. சீப்பை எடுத்து முகத்துக்கு நேராக ஆட்டினாள். சீட்டை எடுத்தாள். எந்தச் சீட்டு வந்தாலும் உரக்கப் படிக்க நான்தான் பழக்கியிருக்கிறேன். படித்தாள். "உன் பெண்ணுக்கு ஆறு இல்லை எட்டு." அந்தச் சிரிப்பு மாறாமலே என் பக்கம் திரும்பி, "அம்மா, உனக்கு இன்னொரு பொண்ணு இருக்காளா?" என்று கேட்டாள்.

அவள் விடவில்லை. "அவதான் அந்த வேற பாப்பாவா? அவ எப்ப வருவா?" என்றாள். உதடு மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. திரையில் எழுத்து எழுத்தாக வந்துகொண்டே இருந்தது, நான் அதைப் பார்த்தேன். "சீப்பு சூப்பர், எங்க வாங்கினீங்க?" "மரமா பிளாஸ்டிக்கா?" "பாப்பா நடிப்பு அள்ளுது." அக்கா, அத்தனை ஆயிரம் பேரில் ஒருத்தர்கூட அழுகிறாளே என்று கேட்கவில்லை.

அவளை அள்ளிக்கொண்டு ஓடினேன், சீப்புப் பெட்டியை அவள் விடவே இல்லை, ஸ்டிக்கர் அட்டையும் அவள் கவுன் பையில் இருந்தது. போன் ஸ்டாண்டிலேயே ஓடிக்கொண்டிருந்தது, காலியான சோபாவைக் காட்டிக்கொண்டு. இப்போது கம்பெனி ஆட்கள் வந்து எடுத்திருப்பார்கள். வீட்டுச் சாவியும் உள்ளே கிடக்கிறது. போகட்டும்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தேன். எட்டு என்று சொன்னேன். அந்த டாக்டரம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை நான் சாகிற வரைக்கும் மறக்க முடியாது. இதயம் துடிப்பது மெதுவாக இருக்கிறதாம். நரம்பில் ஊசி போட்டுப் படுக்க வைத்திருக்கிறார்கள். வாய்வழியாக ஏதாவது உள்ளே போக வேண்டும், கட்டாயப்படுத்தினால் இன்னும் மூடிக்கொள்வாள், அவளாகத் திறக்க வேண்டும் என்கிறார்கள். அவள் திறக்கவில்லை. கரண்டியைப் பார்த்தாலே தலையைத் திருப்பிக்கொள்கிறாள்.

நர்ஸ் வந்து, "உனக்கு எத்தனை வயசு, கண்ணு?" என்று கேட்டார். ஊசி குத்தியிருக்கிற கையையும் சேர்த்து ஆறு விரலைக் காட்டிச் சிரித்தாள், அட்டையில் சிரிக்கிற அதே சிரிப்பு. "எட்டுடா தங்கம்" என்றேன். "இல்லம்மா, ஆறு. நீதானே சொன்ன" என்றாள். நான் எத்தனை தடவை சொன்னாலும் நம்பவில்லை. எட்டு என்றால் அது வேறு பாப்பா என்று நினைக்கிறாள். நான் அவளை மாற்றப் போகிறேன் என்று நினைக்கிறாள். என்னைக் கண்டால் அவளுக்குப் பயம். பெற்ற வயிறு எரிகிறது அக்கா, எரிந்து என்ன செய்ய?

நான் சொல்லி அவள் நம்பப்போவதில்லை. அவள் பிறந்தபோது நான் மயக்கத்தில் கிடந்தேன், நீதான் கையில் வாங்கினாய். நீ சொல். நாளைக்கே வருகிற மாதிரி எதையாவது ஆர்டர் போட்டு அதில் எழுது. கீழே ஆஸ்பத்திரி விலாசமும் கட்டில் எண்ணும் இருக்கிறது. எண்பது எழுத்து போதாது என்று தெரியும். எப்படியாவது எழுது.

தங்கை

பிப்ரவரி 19

தங்கச்சி,

ஸ்டிக்கரைப் பார்த்ததும் ஓடிப் போய்ப் பிடுங்கிக்கொண்டேன். பக்கத்து மேஜைக்காரி எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தாள். விஷயத்தைச் சொன்னேன். பொருள் கட்டும் பிரிவில் அவளுக்கு ஒரு சிநேகிதி உண்டு. பெட்டிக்குள் இந்தக் காகிதத்தை வைத்து ஒட்டித் தருகிறேன் என்றாள். தெரிந்தால் இரண்டு பேருக்கும் வேலை போகும். போனால் போகிறது.

உன்னைத் திட்ட நிறைய வைத்திருந்தேன். இப்போது வேண்டாம். வரும் இருபத்து நாலாம் தேதி கிளம்புகிறேன், அத்தானின் தம்பி வந்து இருக்க ஒப்புக்கொண்டான். அதுவரைக்கும் இதை அவளுக்குப் படித்துக் காட்டு. உன் வார்த்தை எதையும் சேர்க்காதே. முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொள்ளாதே.

தங்கமே, நான் பெரியம்மா பேசறேன். உனக்கு என்னை ஞாபகம் இருக்கோ இல்லையோ, எனக்கு உன்னை நல்லா ஞாபகம் இருக்கு. உன்னை உலகத்துல முதல்ல தூக்கினது நான்தான். உங்கம்மாகூட அப்புறம்தான்.

நீ பொறந்து கால் மணி நேரம்கூட ஆகல. துண்டுல சுத்தி என் கையில கொடுத்தாங்க. கொடுத்த உடனே என் விரலைப் பிடிச்சு வாயில வெச்சுக்கிட்டு உறிஞ்ச ஆரம்பிச்சுட்ட. நர்ஸ், "அடேங்கப்பா, வந்ததும் வராததுமா சாப்பாடு கேக்குது பாருங்க"ன்னு சிரிச்சாங்க. எனக்கு அவ்வளவு சந்தோஷம். அதுக்குத்தான் உருண்டைன்னு பேர் வெச்சேன். அது அளவு இல்லடி, கண்ணு. பசிக்குதுன்னு தைரியமா கேட்ட பிள்ளைக்கு நான் வெச்ச பேர்.

இப்போ விரலை மடக்கி எண்ணு. ஒரு வயசுல நான் கொண்டாந்த பெட்டியைப் பிரிச்சு, பொம்மையை விட்டுட்டு அட்டையைத் தின்ன. ரெண்டுல என் மூக்குக் கண்ணாடியை உடைச்ச. மூணுல "பெரிம்மா குண்டு"ன்னு ஊருக்கெல்லாம் சொன்ன, நானும் ஆமான்னேன். நாலுல காய்ச்சல் வந்து என் மடியிலயே கிடந்த. அஞ்சுல உங்க தாத்தா தோள்ல ஏறி உக்காந்து அவர் முடியைப் பிடிச்சு ஓட்டின. அதுக்கு அடுத்த வருஷம் நீங்க அந்த ஊருக்குப் போயிட்டீங்க.

ஆறு, ஏழு, எட்டு. அந்த மூணையும் நான் பக்கத்துல இருந்து பாக்கல. ஆனா ஒவ்வொரு நவம்பர்லயும் ஒரு கவுன் எடுத்தேன். என் மேஜைக்கு வர்ற துணியில நல்லதாப் பாத்துப் பாதி விலைக்கு எடுத்து பீரோவுல வெச்சேன். முதல் கவுனை நேர்ல பாக்கும்போது தரலாம்னு வெச்சேன், அப்புறம் உங்கம்மா மேல கோவம், எதையும் அனுப்பல. அது என் தப்பு. மூணும் இருக்கு. ஒண்ணைவிட ஒண்ணு பெருசு. ஏன்னா நீ வளந்துட்டே இருப்பேன்னு நான் நெனச்சேன். அதுல பெருசை இந்தப் பெட்டியில வெச்சிருக்கேன். போட்டுப் பாரு, தொளதொளன்னு இருக்கும். இருக்கட்டும், அது உனக்குத்தான்.

வேற பாப்பா யாரும் இல்ல. ஆறு வயசுப் பாப்பாவும் நீதான், எட்டு வயசுப் பாப்பாவும் நீதான். பெரியம்மா பதினோரு வருஷமா சாமான் பிரிக்கிறேன். எதைத் திருப்பி அனுப்பலாம், எதை அனுப்பக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? மனுஷங்களை அனுப்ப முடியாது. உன் பெட்டி எனக்கு வந்து சேந்துது. ரொம்ப அழகாக் கட்டியிருந்த. இனிமே கட்டாத.

அக்கா

பிப்ரவரி 21
ஆஸ்பத்திரி

அக்கா,

காலிப் பெட்டியை மட்டும் திருப்பி அனுப்புகிறேன். கவுனை அவள் போட்டுக்கொண்டிருக்கிறாள். கை முழுக்க மறைந்து விரல் நுனி மட்டும் தெரிகிறது.

நீ சொன்ன மாதிரியே படித்தேன். என் வார்த்தை ஒன்றும் சேர்க்கவில்லை. அட்டையைத் தின்ற இடத்தில் லேசாகச் சிரித்தாள். செய்து வைத்த பல்லை நேற்றே கழற்றிவிட்டார்கள், அதன் பின்னால் முளைத்திருக்கிற சொந்தப் பல் தெரிந்தது. எத்தனை மாதமாக அது அங்கே இருந்திருக்கிறதோ, நான் பார்த்ததில்லை.

முடித்ததும் விரலை மடக்கி எண்ணினாள். தப்பாகிவிட்டது போலிருக்கிறது, மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள். அப்புறம் கேட்டாள்.

"எட்டு வயசுன்னா சாப்பிடலாமா?"

"சாப்பிடலாம்டா" என்றேன். அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை அக்கா. தாண்டி, நர்ஸைப் பார்த்தாள். நர்ஸ் ஆமாம் என்று தலையாட்டிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

இரண்டு கரண்டி போயிருக்கிறது. நீ சீக்கிரம் வா.

தங்கை